வாங்கியது டாலரில், வசூலிப்பது உள்ளூர்ப் பணத்தில்: கானாவும் இலங்கையும் ஏன் ஒரே வாசலில் நிற்கின்றன?

கலங்கரை

சர்வதேச நாணய நிதியத்திடம் கானா இதுவரை 17 முறை கடன் திட்டம் கேட்டுப் போயிருக்கிறது. இலங்கையும் 17 முறை. கடைசியாகப் போனபோது கிடைத்த தொகையும் ஏறக்குறைய ஒன்றுதான், சுமார் 300 கோடி டாலர். இலங்கைக்கு 2023 மார்ச்சில் ஒப்புதல், கானாவுக்கு அதே ஆண்டு மே மாதத்தில்.

ஒரு நாடு தேயிலையும் ஆயத்த ஆடையும் விற்கிறது. மற்றொன்று தங்கமும் கோகோவும் எண்ணெயும் விற்கிறது. ஒன்று 1948இல் விடுதலை பெற்றது, மற்றது 1957இல். வரலாறு வேறு, அண்டை நாடுகள் வேறு, கட்சிகள் வேறு. ஆனால் முடிவு மட்டும் அச்சுப் பிசகாமல் ஒன்றாக இருக்கிறது.

இந்தப் பேச்சை எடுத்தால் உடனே இரண்டு பதில்கள் வருகின்றன. ஒன்று, "ஆள்பவர்கள் திருடர்கள்." இன்னொன்று, "சீனா விரித்த வலை." இரண்டும் முழுப் பொய் என்று சொல்லமாட்டேன். ஆனால் ஜப்பானின் அரசுக் கடன் அந்த நாட்டின் ஆண்டு உற்பத்தியைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல். அங்கே யாரும் பெட்ரோலுக்கு வரிசையில் நிற்கவில்லை. காரணம், ஜப்பான் கடன்பட்டிருப்பது யென்னில். எவ்வளவு கடன் என்பதைவிட, எந்தப் பணத்தில் கடன் என்பதுதான் ஆசிய, ஆப்பிரிக்க நாடுகளின் தலையெழுத்தைத் தீர்மானிக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. தவறென்றால் திருத்துங்கள்.

எதிர்வாதி

தம்பி, சுற்றி வளைப்பானேன்? திருடினார்கள், கவிழ்ந்தார்கள். டாலரில் கடன் வாங்கச் சொல்லி யாராவது கழுத்தில் கத்தி வைத்தார்களா? வாங்கும்போது இனித்தது, திருப்பிக் கேட்டால் "உலகப் பொருளாதார அமைப்பு சரியில்லை" என்கிறார்கள். வீட்டுக் கடனுக்கும் நாட்டுக் கடனுக்கும் நியாயம் ஒன்றுதான்.

ஐந்தொகை

ஊழல் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் ஊழல் இருந்தும் கவிழாத நாடுகள் நிறைய உண்டு. சுகார்த்தோ காலத்து இந்தோனேசியாவில் ஊழலுக்கா குறைவு? அங்கே முப்பது ஆண்டுகள் உற்பத்தி வளர்ந்துகொண்டே இருந்தது. கடைசியில் 1997-98இல் சரிந்ததும் ரூபியா மதிப்பிழந்து வெளிநாட்டுக் கடன் வீங்கியபோதுதான். ஆகவே ஊழல் நோய் என்றால், எந்த நாளில் விழுவது என்று நாள் குறிப்பது டாலர்.

கணக்கைப் பாருங்கள். ஒரு டாலர் 200 ரூபாயாக இருந்தபோது 10 கோடி டாலர் கடன் என்பது 2,000 கோடி ரூபாய். 2022இல் இலங்கையில் அதே டாலர் சுமார் 360 ரூபாய்க்குப் போனது. கடன் ஒரு டாலர்கூட ஏறவில்லை. ஆனால் கட்ட வேண்டியது 3,600 கோடி ரூபாய். அரசின் வருமானமோ ரூபாயில் வருகிறது. எதிர்வாதி ஐயா சொல்லும் வீட்டுக் கடனில் இப்படி நடக்காது. நீங்கள் தூங்கி எழுவதற்குள் உங்கள் தவணை ஏறக்குறைய இரு மடங்கு ஆகிவிட்டால் நீங்களும் நேர்மையாக வாழ்ந்தே திவாலாவீர்கள்.

பொருளாதார அறிஞர்கள் ஐசன்கிரீனும் ஹௌஸ்மனும் இதற்கு "ஆதிப் பாவம்" என்று பெயர் வைத்தார்கள். பெயர் கொஞ்சம் நாடகத்தனமாக இருந்தாலும் பொருத்தமானது. தன் சொந்தப் பணத்தில் வெளிநாட்டாரிடம் கடன் வாங்க முடியாத நிலையைத்தான் அப்படிச் சொன்னார்கள்.

வடலி

அண்ணாமார் எல்லோரும் கணக்குப் பேசுகிறீர்கள். நான் இலங்கையில் அந்த வரிசையில் நின்றவள், அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

2022 மார்ச் கடைசியில் எங்களுக்குப் பதின்மூன்று மணிநேர மின்வெட்டு. எரிவாயு சிலிண்டருக்கு விடியற்காலையிலேயே போய் வெற்றுச் சிலிண்டரை வரிசையில் வைத்துச் சங்கிலியால் பிணைத்துவிட்டு வருவோம். மேல் மாகாணத்தில் கடதாசி இல்லை என்று பாடசாலைப் பரீட்சைகளைத் தள்ளிவைத்தார்கள். ஒரு நாட்டில் பரீட்சைத் தாள் அச்சடிக்கக் கடதாசி இறக்குமதி செய்ய டொலர் இல்லை என்றால் என்ன என்பதை, அதை அனுபவிக்காதவர்களுக்கு விளங்கவைப்பது கடினம்.

இதில் எனக்கு இன்னும் ஆறாத விடயம் ஒன்று உண்டு. அதே வருடம் ஜனவரி 18ஆம் திகதி, முதிர்ச்சியடைந்த ஒரு சர்வதேச நாட்டிறை முறிக்கு, அதாவது அரசாங்கம் வெளிநாட்டுச் சந்தையில் விற்ற டொலர்க் கடன் பத்திரத்துக்கு, 500 மில்லியன் டொலரை அரசாங்கம் சுளையாகக் கட்டியது. அப்போதே மருந்துக்குத் தட்டுப்பாடு தொடங்கியிருந்தது. நிறுத்துங்கள், இருக்கிற டொலரை அத்தியாவசியப் பொருட்களுக்கு வையுங்கள் என்று பொருளியலாளர்கள் தலையால் அடித்துக்கொண்டார்கள். கேட்கவில்லை. ஏப்ரல் 12இல் வெளிநாட்டுக் கடனைக் கட்டமாட்டோம் என்று அறிவித்தார்கள். மே மாதம் நிதியமைச்சர் எழுந்து, பயன்படுத்தக்கூடிய கையிருப்பு 50 மில்லியன் டொலருக்கும் குறைவு என்று சொன்னார். ஜனவரியில் கட்டியதில் பத்தில் ஒன்றுகூட இல்லை.

சீன வலை பற்றியும் சொல்லிவிடுகிறேன். அம்பாந்தோட்டைத் துறைமுகத்தை 2017இல் 99 வருடக் குத்தகைக்குக் கொடுத்து 1.12 பில்லியன் டொலர் வாங்கினார்கள். "கடனைக் கட்ட முடியாமல் துறைமுகத்தைப் பறிகொடுத்தார்கள்" என்று உலகம் முழுக்கக் கதை. உண்மையில் அந்தப் பணம் துறைமுகத்துக்கு வாங்கிய கடனுக்குப் போகவில்லை. டொலர் கையிருப்பைக் கூட்டத்தான் பயன்பட்டது. சீனக் கடன் அப்படியே அரசாங்கத்தின் தலையில் இருந்தது. டொலர் தட்டுப்பாட்டுக்குப் பெரிய காரணம் சந்தையில் விற்ற நாட்டிறை முறிகள். வெளிநாட்டுக் கடனில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அவைதான். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

கலங்கரை

இதை இவ்வளவு தெளிவாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை, வடலி. நன்றி. ஜனவரியில் கட்டிய அந்தப் பணம் பெரும்பாலும் யார் கைக்குப் போயிருக்கும்?

ஐந்தொகை

முறியை வைத்திருந்தவர்கள் கைக்கு. அதில் உள்ளூர் வங்கிகளும் உண்டு, வெளிநாட்டு நிதிகளும் உண்டு. கவிழப் போகிறது என்று தெரிந்த நாட்டின் முறி சந்தையில் முகமதிப்பைவிட, அதாவது அதில் எழுதியிருக்கும் தொகையைவிட, மலிவாகக் கிடைக்கும். அப்படி வாங்கியவருக்கு முகமதிப்பில் பணம் கிடைத்தால் நல்ல லாபம். கட்டாமல் விட்டால் நீதிமன்றம். 2022 ஜூலையில் முதிர்ந்த இன்னொரு முறியில் 25 கோடி டாலருக்கு மேல் வைத்திருந்த ஹாமில்டன் ரிசர்வ் வங்கி, முதிர்வதற்கு முன்பே நியூயார்க்கில் இலங்கை மீது வழக்குத் தொடுத்தது. முறிகளுக்குப் பொருந்துவது நியூயார்க் சட்டம்.

செம்புக்கல்

நியூயார்க், லண்டன் நீதிமன்றங்கள் என்றதும் எனக்கு ஜாம்பியா நினைவுக்கு வருகிறது. கிட்வே நகரில் ஆறு ஆண்டுகள் சுரங்க இயந்திரப் பராமரிப்பில் இருந்தேன். அங்கே வயதான உள்ளூர் மெக்கானிக் ஒருவர் ருமேனிய டிராக்டர் கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

1979இல் ருமேனியாவிடம் ஜாம்பியா கடனுக்கு டிராக்டர்களும் வேளாண் இயந்திரங்களும் வாங்கியது. பிறகு செம்பு விலை விழுந்தது, கடனைக் கட்ட முடியவில்லை. 1999இல் டோனிகல் இன்டர்நேஷனல் என்ற நிறுவனம் அந்தப் பழைய கடனை ருமேனியாவிடம் இருந்து சுமார் 33 லட்சம் டாலருக்கு வாங்கியது. வாங்கிவிட்டு, வட்டியும் தண்டமும் சேர்த்து 5.5 கோடி டாலர் கொடு என்று ஜாம்பியாவை லண்டன் நீதிமன்றத்துக்கு இழுத்தது. 2007இல் தீர்ப்பு. கேட்ட முழுத் தொகை கிடைக்கவில்லை என்றாலும் சுமார் 1.5 கோடி டாலர் கட்டச் சொன்னார்கள். இதில் கொடுமை எது என்றால், ஏழை நாடுகளின் கடனைத் தள்ளுபடி செய்யும் திட்டத்தில் ஜாம்பியாவுக்கு 2005இல்தான் பெரும்பகுதி கடன் தள்ளுபடியாகியிருந்தது. மற்றவர்கள் விட்டுக்கொடுத்ததில் ஒரு பங்கை டோனிகல் எடுத்துக்கொண்டது. பருந்து நிதி என்று சும்மாவா பெயர் வைத்தார்கள்? 2010இல் பிரிட்டன் இப்படிப்பட்ட வழக்குகளில் கிடைக்கும் தொகைக்கு உச்சவரம்பு வைத்துச் சட்டம் கொண்டுவந்தது. அந்த டிராக்டர்கள் அதற்குள் துருப்பிடித்து மண்ணோடு மண்ணாகிவிட்டன என்பார் அந்த மெக்கானிக்.

எதிர்வாதி

கதை உருக்கமாக இருக்கிறது. என் கேள்வி அப்படியே நிற்கிறது. 2005இல் கடன் தள்ளுபடி. சிலேட்டைத் துடைத்துச் சுத்தமாகக் கையில் கொடுத்தார்கள். ஜாம்பியா என்ன செய்தது? மறுபடியும் கடன் வாங்கி 2020இல் மறுபடியும் கவிழ்ந்தது. இதற்கும் பருந்துதான் காரணமா?

செம்புக்கல்

இது நியாயமான அடி, வாங்கிக்கொள்கிறேன். 2012, 2014, 2015 என்று மூன்று முறை டாலர் முறி விற்று மொத்தம் 300 கோடி டாலர் திரட்டினார்கள். முதல் முறிக்கு வட்டி ஆறு விழுக்காட்டுக்கும் குறைவு. அமெரிக்காவில் வட்டி பூச்சியத்தை ஒட்டி இருந்த காலம் அது. பணத்தை வைத்துக்கொண்டு எங்கே போடுவது என்று தெரியாமல் முதலீட்டாளர்கள் அலைந்தார்கள். கேட்டதைவிடப் பல மடங்கு கொட்ட ஆள் இருந்தது. ஊரில் எங்கு பார்த்தாலும் சாலை வேலை. எங்களுக்கும் கொண்டாட்டம்தான், பொய் சொல்லமாட்டேன்.

ஆனால் திட்டமிடலில் ஒரு ஓட்டை. சாலை போட்டால் வரும் பயன் ஜாம்பியாவின் பணமான குவாச்சாவில், இருபது ஆண்டுகளில் மெதுவாக வரும். முறிக்கு அசலோ பத்து ஆண்டில் டாலரில் மொத்தமாகக் கட்ட வேண்டும். அப்போது மறுபடி ஒரு முறி விற்று இதை அடைத்துவிடலாம் என்பதுதான் எல்லோருடைய கணக்கும். 2015இல் செம்பு விலை சரிந்தது, குவாச்சாவும் சரிந்தது. 2020 நவம்பரில் 4.25 கோடி டாலர் வட்டித் தவணை ஒன்றைக் கட்ட முடியாமல் நின்றார்கள்.

தவறு ஜாம்பியாவுடையது என்றே வைத்துக்கொள்வோம். அதன்பின் நடந்ததற்கு என்ன சொல்வீர்கள்? ஏழை நாடுகளின் கடனை மறுசீரமைக்க ஜி20 நாடுகள் கொண்டுவந்த பொதுச் செயல்திட்டத்தின் கீழ்ப் போனால் சீக்கிரம் தீரும் என்றார்கள். பிற அரசுகளுடன் உடன்பாடு எட்டவே 2023 ஜூன் ஆயிற்று. முறி வைத்திருந்தவர்களுடன் 2024இல்தான் முடிந்தது. சீனா ஒரு பக்கம், மேற்கு நாடுகள் ஒரு பக்கம், முறிக்காரர்கள் ஒரு பக்கம் என்று, நீ முதலில் விட்டுக்கொடு, நீ முதலில் விட்டுக்கொடு என்று நின்றார்கள். ஒரு தனியார் நிறுவனம் திவாலானால் அதற்குச் சட்டம் உண்டு, நீதிபதி உண்டு. நாடு திவாலானால் கெஞ்சல் மட்டுமே.

முல்லை

இந்த இழையில் இன்னும் யாரும் தொடாத ஒன்று, வரி.

டாலர் கதை சரி. ஆனால் நெருக்கடி வந்த ஆண்டுகளில் இலங்கை அரசு திரட்டிய வரி, உற்பத்தியில் சுமார் 8 விழுக்காடுதான். நைஜீரியாவிலும் நீண்ட காலம் ஒற்றை இலக்கமாகத்தான் இருந்தது. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்?

வரி போடப் போனால் என்ன ஆகிறது என்பதற்குக் கென்யாவைப் பாருங்கள். 2014இல் விற்ற 200 கோடி டாலர் முறி 2024 ஜூனில் முதிர வேண்டும். அதை அடைக்க, பிப்ரவரியில் பத்து விழுக்காட்டுக்கும் மேல் வட்டிக்குப் புதிய முறி விற்று 150 கோடி திரட்டினார்கள். அப்பாடா என்று மூச்சுவிட்ட கையோடு நிதி மசோதா. ரொட்டிக்கு 16 விழுக்காடு வரி என்று முதலில் அதில் இருந்தது. எதிர்ப்பு கிளம்பியதும் அதை எடுத்தார்கள், ஆனால் அதற்குள் பிள்ளைகள் தெருவுக்கு வந்துவிட்டார்கள். ஜூன் 25இல் நாடாளுமன்றத்துக்குள்ளேயே புகுந்தார்கள். துப்பாக்கிச் சூட்டில் பலர் செத்தார்கள். மறுநாள் அதிபர் ரூட்டோ மசோதாவில் கையெழுத்திட மறுத்துத் திரும்பப் பெற்றார். இரண்டு வாரங்களில், நாடுகளின் கடன் திருப்பும் திறனுக்குத் தரம் போடும் மூடிஸ் நிறுவனம் கென்யாவின் கடன் தரத்தைக் குறைத்தது. வரி போட்டால் தெருவில் பிணம் விழுகிறது, போடாவிட்டால் தரம் விழுகிறது. இந்த நாற்காலியில் யார் உட்கார்ந்தாலும் இதுதான்.

கானாவிலும் இதே. 2022 மே மாதம் கைப்பேசிப் பணப் பரிமாற்றத்துக்கு 1.5 விழுக்காடு வரி போட்டார்கள். சந்தையில் மீன் விற்கும் பெண்கூடக் கைப்பேசியில்தான் பணம் வாங்குகிறாள். பலர் மறுபடி ரொக்கத்துக்குப் போனார்கள். எதிர்பார்த்த வசூல் வரவில்லை. 2024 டிசம்பர் தேர்தலில் ஆளும்கட்சி தோற்றது, அடுத்த ஆண்டே அந்த வரி ரத்து. தங்கச் சுரங்க நிறுவனத்திடம் கேட்பதைவிட மீன்காரியிடம் பிடிப்பது சுலபம் என்று நினைக்கிற நிதியமைச்சகங்களுக்கு நான் ஏன் இரக்கப்பட வேண்டும் என்றும் தோன்றுகிறது.

ஐந்தொகை

முல்லை அக்கா சொல்லும் சுரங்கம் பற்றி ஒரு குறுக்குப் பேச்சு. மூலப்பொருளை அப்படியே விற்காமல் பதப்படுத்தி விற்றால் டாலர் அதிகம் வரும் என்பது பழைய பாடம். இந்தோனேசியா அதைச் செய்து காட்டியது. 2020 ஜனவரியில் நிக்கல் தாது ஏற்றுமதியைத் தடை செய்தது. வேண்டுமானால் இங்கே வந்து உருக்கு என்றது. உலை கட்ட வந்தவர்கள் பெரும்பாலும் சீன நிறுவனங்கள். இன்று உலகில் தோண்டும் நிக்கலில் பாதிக்கு மேல் இந்தோனேசியாவில்தான். ஐரோப்பிய ஒன்றியம் உலக வர்த்தக அமைப்பில் புகார் செய்து 2022இல் வென்றது. இந்தோனேசியா மேல்முறையீடு செய்தது. மேல்முறையீட்டு அமர்விலோ 2019 டிசம்பரில் இருந்தே வழக்கை விசாரிக்கப் போதிய நடுவர்கள் இல்லை, புதியவர்களை நியமிக்க அமெரிக்கா விடவில்லை. வழக்கு அந்தரத்தில் தொங்குகிறது, உலைகள் எரிகின்றன. நிலக்கரியில் எரிகின்றன என்பது வேறு தலைவலி.

கானா கோகோவில் இதைச் செய்யலாமே என்பார்கள். ஐவரி கோஸ்ட்டும் கானாவும் சேர்ந்து உலகக் கோகோவில் பாதிக்கு மேல் விளைவிக்கின்றன. ஆனால் 2024இல் ஒரு டன் 10,000 டாலரைத் தாண்டியபோது கானா விவசாயிக்கு அந்த விலை போகவில்லை. அரசின் கோகோ வாரியம் விளைச்சலை முன்கூட்டியே பழைய விலைக்கு விற்றிருந்தது. விவசாயிக்கும் அதை ஒட்டி நிர்ணயித்த விலைதான். மூட்டைகள் எல்லை தாண்டிக் கடத்தலில் போயின. மரங்களில் நோய், தோட்டங்களைத் தோண்டும் கள்ளத் தங்கச் சுரங்கம் வேறு. விலை ஏறியபோதும் நாட்டுக்குப் பலன் இல்லை.

எதிர்வாதி

போட்ஸ்வானாவை ஏன் யாரும் பேசுவதில்லை? 1966இல் விடுதலை பெற்றபோது உலகின் மிக ஏழை நாடுகளில் ஒன்று. வைரம் கிடைத்தது. திருடவில்லை, வைர நிறுவனமான டி பியர்ஸுடன் சரிபாதிக் கூட்டு வைத்துச் சேமித்தார்கள், பள்ளி கட்டினார்கள். ஆக, ஆட்சி சரியாக இருந்தால் நடக்கும்.

செம்புக்கல்

நடக்கும். மறுக்க மாட்டேன். ஆனால் செயற்கை வைரம் வந்து விலை சரிந்ததும் அவர்களும் தள்ளாடுகிறார்கள். 58 ஆண்டுகள் ஆண்ட கட்சியை 2024இல் மக்கள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஒரே பொருளை நம்பியிருக்கும் வரை நல்லவனுக்கும் தப்பிக்க வழியில்லை.

முல்லை

நாம் எல்லோரும் வெளிநாட்டுக் கடன்காரனைப் பற்றியே பேசுகிறோம். கவிழ்ந்த பிறகு நட்டத்தை யார் தலையில் கட்டினார்கள் என்று பார்த்தால்தான் எனக்கு வயிறு எரிகிறது.

கானாவில் முதலில் கை வைத்தது உள்நாட்டுக் கடன் பத்திரங்களில். பத்திரத்தைக் கொடு, குறைந்த வட்டிக்கும் நீண்ட தவணைக்கும் புதியது தருகிறோம் என்றார்கள். அந்த வட்டியில் மருந்து வாங்கிக்கொண்டிருந்த ஓய்வூதியர்கள் 2023 பிப்ரவரியில் அக்ராவில் நிதியமைச்சகத்தின் முன் அட்டை பிடித்து நின்றார்கள். அவர்களோடு நின்றவர்களில் ஒருவர் சோஃபியா அகுஃபோ, நாட்டின் முன்னாள் தலைமை நீதிபதி. அப்படி நின்ற பிறகுதான் ஓய்வூதியர்களை விட்டுவைத்தார்கள். முறிக்காரர்கள் இதற்காகத் தெருவில் நிற்கவில்லை, அவர்களுக்கு வழக்கறிஞர்கள் இருந்தார்கள்.

வடலி

எங்களுக்கு அந்த விடுதலையும் இல்லை, அக்கா. 2023இல் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பு என்று வந்தபோது வங்கிகளை விட்டுவிட்டார்கள். வங்கி விழுந்தால் எல்லோரும் விழுவோம் என்றார்கள், அதுவும் உண்மைதான். சுமையை ஏற்றியது தொழிலாளர்களின் ஓய்வுக்காலச் சேமிப்பான ஊழியர் சேமலாப நிதியின் மேல். என் சின்னம்மா ஆடைத் தொழிற்சாலையில் 22 வருடம் தைத்தவர், அவருடைய சேமிப்பு முழுவதும் அதில். உறுப்பினருக்கு ஒன்பது வீத வட்டி நிச்சயம் என்று அரசாங்கம் உறுதி சொன்னது. சரி. 2022 செப்டெம்பரில் விலைவாசி ஒரே வருடத்தில் சுமார் 70 வீதம் ஏறியிருந்ததே, அதை எந்தக் கணக்கில் எழுதுவது? அவர் முறியும் விற்கவில்லை, துறைமுகமும் கட்டவில்லை.

எதிர்வாதி

உங்கள் சின்னம்மா விடயத்தில் நான் வாதாடமாட்டேன், தங்கச்சி. அது அநியாயம். ஆனால் ஒன்று கேட்கிறேன், கோபப்படாதீர்கள். 2019 டிசம்பரில் புதிய ஜனாதிபதி கோத்தபய வந்ததும் பெறுமதி சேர் வரியை (வாட்) 15இல் இருந்து 8 ஆகக் குறைத்தாரே. அப்போது யாராவது தெருவுக்கு வந்து, ஐயோ குறைக்காதே, கடன் இருக்கிறது என்று சொன்னீர்களா?

வடலி

இல்லை அண்ணா. நான் சந்தோசப்பட்டேன். சம்பளத்தில் பிடித்த வரி நின்றது, தொலைபேசிக் கட்டணம் குறைந்தது. மிச்சம் பிடித்த காசில் அடுத்த தைப்பொங்கலுக்கு ஒரு கைத்தொலைபேசி வாங்கினேன். இப்போது பெறுமதி சேர் வரி 18 வீதம். தொலைபேசியின் திரை வெடித்திருக்கிறது, புதிது வாங்குகிற விலையில் இல்லை. இதையெல்லாம் அதில்தான் தட்டிக்கொண்டிருக்கிறேன், எழுத்துப் பிழை இருந்தால் மன்னியுங்கள்.